‘அன்நோன் ஆர்ட்டிஸ்ட்’ என்னும் அவதூறு

வண்டியில் பாட்டு ஓடுவதெல்லாம் இலக்கியத்தின் எல்லைக்குள் வருமா என்று முகம் சுளிப்போர் இருக்கக்கூடும். அவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவோம். கவிதைத் தொகுப்பு ஒன்றை விலைகொடுத்து வாங்கியறியாத தமிழர் ஏராளம். பாட்டு வரி ஒன்றேனும் மனப்பாடமாக இல்லாத தமிழரைக் காட்டுவது அரிது. அந்த வரிகள் மக்களைச் சென்றடையும் வழிகளுள் வண்டியும் ஒன்று. மினி பஸ், சுற்றுலா வேன், வாடகைக் கார், கல்யாண வீட்டார் ஏறிச்செல்லும் பேருந்து என எதில் ஏறினாலும் ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்டீரியோ, அதில் செருகிய பென்டிரைவ். அந்த ஸ்டீரியோவின் சிறு திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று உற்றுப் பார்த்தவர் எத்தனை பேர்? ‘டிராக் 07’. அதன் கீழே ‘அன்நோன் ஆர்ட்டிஸ்ட்’. அறியப்படாத கலைஞராம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய பாட்டும் அறியப்படாதவருடையது. கண்ணதாசன் எழுதியதும் அப்படியே. இதைத் தொழில்நுட்பக் குறை என்று சொல்லி விட்டுவிட நாம் தயாராக இல்லை. இது அவதூறு.

இப்படிச் சொன்னதும் இரு தரப்பார் மறுத்துரைக்க எழுவர். முதல் தரப்பார், பென்டிரைவின் காலம் முடிந்துவிட்டது, கைபேசியை வண்டியோடு இணைத்து இணையத்திலிருந்து ஓடவிடுங்கள் என்பர். இவர்களோடு நெடுநேரம் வாதிட வேண்டியதில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. அத்தகைய பாதைகளில் சிக்னல் அறுந்த இடத்தில் பாட்டும் அறும். அது சிறு தொல்லைதான். பெரிய தொல்லை, அங்கே நாம் கேட்பது வாடகைப் பாட்டு என்பது. சந்தா நின்றால் அதுவும் நிற்கும். உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் முறிந்தால் நேற்றிருந்த பாட்டு இன்று பட்டியலில் இராது. அதற்கும் மேலாக, ஊர்க் கொடையில் யாரோ நாடாவில் பதிந்துவைத்த வில்லுப்பாட்டையும், கோயில் திருவிழாவில் விடியும்வரை ஒலித்த நாதசுரத்தையும், வீட்டுப் பெரியவர் பாடிவைத்த திருப்புகழையும் எந்த நிறுவனத்தின் களஞ்சியத்தில் தேடுவது? அவையெல்லாம் எம்பி3 கோப்புகளாக மாறிப் பென்டிரைவில் குடியிருக்கின்றன. பென்டிரைவ் நம்முடையது. அதை இழக்கச் சொல்பவர் நம் நன்மைக்காகச் சொல்லவில்லை.

சரி, செருகினால் ஓடுகிறதா என்றால், பல வண்டிகளில் ஓடுவதில்லை. இங்கே கொஞ்சம் தச்சுவேலை பேசியாக வேண்டும், பொறுத்தருள்க. புதிய வண்டிகளில் யுஎஸ்பி துளைகள் இரண்டு மூன்று இருக்கும். சில கைபேசிக்கு மின்னேற்ற மட்டுமே. அவற்றில் செருகிக் காத்திருப்பது ஊமையைப் பாடச் சொல்வது. அடுத்தது, பென்டிரைவின் உள்ளே கோப்புகளை அடுக்கும் முறை. பழைய, மலிவான பெட்டிகளுள் பெரும்பாலானவை அறிந்தது 1996இல் வந்த ஃபேட்32 என்னும் ஒரே முறையை. கடையில் வாங்கும் 64 ஜிபி பென்டிரைவோ 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் முறையில் அடுக்கப்பட்டிருக்கும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் நெடுங்காலம் 32 ஜிபிக்கு மேற்பட்டதை ஃபேட்32 ஆக்க மறுத்தது. ஆகவே பெட்டி ‘நோ டிவைஸ்’ என்கிறது. வாங்கியவர் பென்டிரைவ் கெட்டுவிட்டதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார். 32 ஜிபி அளவுள்ளதை வாங்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து (உள்ளிருப்பவை அழிந்துபோகும், முன்னரே வேறிடத்தில் படியெடுத்துக்கொள்க), எம்பி3 கோப்புகளை ஏற்றினால் பெரும்பாலான பெட்டிகள் பாடிவிடும். நடுத்தரமான ஒலித்தரத்தில் ஆறாயிரம் பாட்டுக்குக் குறையாமல் கொள்ளும். இந்த நான்கு வரியைத் தமிழில் அச்சிட்டு வண்டியோடு கொடுக்க எந்தச் செலவும் ஆகாது. கொடுப்பதோ, படிப்பவருக்கு ஆங்கிலமும் பொறியியலும் ஒருங்கே தெரிந்திருக்க வேண்டுமென்று எண்ணி எழுதிய கையேடு.

பாடத் தொடங்கியதும் அடுத்த வேதனை. கர்நாடக இசைக் கச்சேரி ஒன்றை ஏற்றிப் பாருங்கள். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியவேண்டியது, மங்களத்தில் தொடங்கித் தனியாவர்த்தனத்துக்குத் தாவி, பிறகு வர்ணத்துக்கு வரும். பெட்டிக்கு வெறுப்பேதும் இல்லை. பெயர் வரிசையைப் பார்க்காமல், கோப்புகளின் பெயர்கள் பென்டிரைவில் பதிவான வரிசையிலேயே பாடும் பெட்டிகள் பல. நடுவில் ஒன்றை அழித்துப் புதிதாக ஒன்றை ஏற்றினால் அது அந்தக் காலியிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண்ணிட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுவதே வழி. வரிசையைச் சீர்செய்யும் ஃபேட்சார்ட் போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு. ஆனால் ராகம் தானம் பல்லவியை மூன்று கோப்பாக வெட்டியிருந்தால், ஒவ்வொரு வெட்டிலும் பெட்டி ஒரு கணம் மூச்சை நிறுத்தும். அந்த மௌனத்தை எந்த வித்துவானும் இசைக்கவில்லை. வெட்டாமல் ஒரே கோப்பாக வைத்துக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

இவை எல்லா மொழிக்காரருக்கும் பொதுவான தொல்லைகள். இனி நமக்கே உரியதற்கு வருவோம்.

கோப்புக்குத் தமிழில் பெயரிட்டால் பெட்டியின் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கேள்விக்குறிகள் அணிவகுக்கும். திஸ்கியும் இன்னபிற எழுத்துருக் குறியாக்கங்களும் கோலோச்சிய நாட்களில் கணினித் திரையில் இந்தக் கட்டங்களோடு மல்லுக்கட்டியவர்கள்தாம் நாமெல்லோரும். 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இருந்தும் அது பரவிக் கணினியில் அந்தப் போர் ஓய ஆண்டுகள் பல ஆயின. வண்டிப் பெட்டிக்குள் மட்டும் அது இன்னும் ஓயவில்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: ஃபேட்32 முறையில் நீண்ட பெயர்கள் ஒருங்குறியிலேயே சேமிக்கப்படுகின்றன. அதாவது, பென்டிரைவில் தமிழ் முழுமையாக இருக்கிறது. ஒரு புள்ளி, ஒரு கொம்பு குறையவில்லை. படிக்கத் தெரியாதது பெட்டி. சில பெட்டிகள் அந்த நீண்ட பெயரைத் தொடவே தொடாமல், பழைய டாஸ் காலத்து எட்டெழுத்துக் குறும்பெயரை எடுத்து, வாலில் ஒரு சுழிக்குறியும் எண்ணும் சேர்த்துக் காட்டுகின்றன. வேறு சிலவற்றில் தமிழ் எழுத்துகள் உண்டு, கோக்கத் தெரியாது. ‘கொ’ என்பதில் ககரத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். இன்னும் ஒரு கூத்தும் நிகழும்: சீனத்திலிருந்து வரும் மலிவுப் பெட்டிகள் சிலவற்றில், திஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் பெயரெழுதிய பாட்டுகள் சீன எழுத்துகளாகத் தோன்றும். அடிப்படையான ஜிபி2312 குறியாக்கத்தில் மட்டும் 6,763 சீன எழுத்துகள். அத்தனைக்கும் இடம் இருக்கும் பெட்டியில் நம் 247க்கு இடமில்லையாம். அதிலும் உயிரும் மெய்யும் சில குறிகளும் இருந்தால் போதும், 247ஐத் தனித்தனியே வரையவும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் இயங்கும் பெட்டிகளிலும் விலைகூடிய சில புதிய வண்டிகளிலும் தமிழ் நன்றாகவே தெரிகிறது. ஆகவே முடியாது என்ற பேச்சு எடுபடாது. கேட்பவர் இல்லை, அவ்வளவுதான்.

ஏன் கேட்பவர் இல்லை? இங்கேதான் இரண்டாம் தரப்பார் வருகின்றனர். ‘எதற்கு வம்பு, இங்கிலீஷ் எழுத்தில் பெயர் போட்டுவிடுங்கள்’ என்பவர்கள் இவர்கள். நம் கோபம் முதன்மையாக இவர்கள் மீதுதான். இவர்களுள் தமிழ் படித்தவர்களும், தமிழ் கற்பித்து ஊதியம் பெறுபவர்களும் அடக்கம். உரோமன் எழுத்தில் ‘கலை’ என்று எழுதி வைத்தால் அது கலையா, காலையா, காளையா, களையா, கழையா? மலையும் மழையும் மாலையும் ஒரே கோலத்தில் நிற்கும். ழகரத்துக்கு ஒருவர் இரண்டெழுத்துப் போடுவார், இன்னொருவர் ஓர் எழுத்தோடு நிறுத்துவார். ஒரே பாட்டு பட்டியலில் இரண்டு இடத்தில் கிடக்கும், தேடுபவருக்கு இரண்டும் அகப்படாது. மாணவர் விடைத்தாளில் லகர ளகரம் பிறழ்ந்தால் சிவப்பு மையால் சுழிக்கிறோமே, அதே கையால் ஆயிரம் பாட்டின் பெயரை இப்படிச் சிதைப்பதற்கு என்ன பெயர்? பெட்டிக்கு எழுத்துத் தெரியவில்லை என்றால் பெட்டியை அல்லவா பள்ளிக்கு அனுப்ப வேண்டும்? பாட்டை ஏன் மொட்டையடிப்பது?

பெயருக்கு அடுத்தது, பாட்டுக்கு உரியவர் யார் என்பது. எம்பி3 கோப்பின் உள்ளேயே பாட்டைப் பற்றிய குறிப்புகளை எழுதிவைக்கும் ஐடி3 என்றொரு முறை 1996இல் வந்தது. அதன் முதல் வடிவம் கோப்பின் கடைசியில் 128 பைட்டுகள் மட்டுமே. பாட்டின் பெயருக்கு 30, ‘ஆர்ட்டிஸ்ட்’டுக்கு 30, ‘ஆல்ப’த்துக்கு 30. ஆங்கிலத்தில் முப்பது எழுத்து எழுதலாம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் ஆவதால் நமக்குப் பத்துக் குறிகள், புள்ளியும் கொம்பும் உட்பட. ‘பட்டுக்கோட்டை’ என்று எழுதத் தொடங்கினால் ‘பட்டுக்கோட’ என்ற இடத்தில் நின்றுவிடும். கல்யாணசுந்தரம் ஊர் எல்லையைக்கூட எட்டமாட்டார். இசை வகைக்கென்று 80 பெயர் கொண்ட பட்டியல் ஒன்றும் அதில் இருந்தது. போல்கா உண்டு, கேங்ஸ்டா உண்டு. கர்நாடக இசை இல்லை. அரியக்குடியையும் ராஜரத்தினம் பிள்ளையையும் ‘எத்னிக்’ என்ற கொட்டடியில்தான் அடைக்க முடியும்.

நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1998இல் வந்த இரண்டாம் வடிவம் இந்தக் குறைகளைப் பெரும்பாலும் களைந்துவிட்டது. ஒருங்குறியில் எவ்வளவு நீளமாகவும் எழுதலாம். இசையமைப்பாளருக்குத் தனிக் கட்டம், பாடலாசிரியருக்குத் தனிக் கட்டம், பாடியவருக்குத் தனிக் கட்டம். ஆக, கவிஞரின் நாற்காலி கால் நூற்றாண்டுக்கு மேலாகப் போட்டபடியே இருக்கிறது. அதில் அவரை உட்காரவைக்கவில்லை நாம். உட்கார்ந்தாலும் காட்டுவதில்லை பெட்டி. காட்டுவது ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற ஒற்றைக் கட்டத்தை. அந்தக் கட்டத்தில் இருப்பவரோ, பல சமயம், பாட்டைத் திருடி இணையத்தில் பரப்பிய தளத்துக்காரர்! தம் தளத்தின் முகவரியைக் கலைஞர் பெயருக்குரிய இடத்தில் எழுதிவிடுகிறார். எழுதியவர் பெயர் அழிந்தது, எடுத்துக்கொண்டு ஓடியவர் பெயர் ஒளிர்கிறது.

ஒரு காலத்தில் திரையரங்க வாசலில் சில்லறைக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தில், மங்கிய தாளில், மோசமான அச்சில், பாடலாசிரியர் பெயர் இருந்தது. ஒலிநாடாப் பெட்டிக்குள் மடித்துவைத்த தாளிலும் இருந்தது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாட்டை விற்றுவிட்டாலும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகையில் பங்குண்டு, அதைப் படமுதலாளிக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது என்று நாடாளுமன்றமே சொல்லிவிட்டது. பங்கு தரச் சட்டம் வந்த நாட்டில் பெயர் சொல்ல ஒரு திரைக்கு வாய் வரவில்லை. பாடியவரைச் சொன்னால் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. வரியைப் பாராட்டிவிட்டு எழுதியவரைத் தெரியாது என்று கைவிரிக்கும் கூட்டமாக ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டு, கவிதைக்கு வாசகர் இல்லையே என்று சிறுபத்திரிகையில் தலையங்கம் எழுதிப் பயனில்லை.

செய்யவேண்டியதில் நம் பங்கு கொஞ்சம் சலிப்பூட்டும் வேலைதான். வீட்டுக் கணினியில் ஒரு மூலத் தொகுப்பு. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் தமிழிலேயே பெயர், அதன் உள்ளே கவிஞர், இசையமைப்பாளர், பாடியவர், படம், ஆண்டு. எம்பி3டேக் போன்ற மென்பொருளில் நூறு பாட்டை ஓர் மாலையில் முடித்துவிடலாம். பெட்டி எதைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் இந்த மூலத்தில் கைவைப்பதில்லை. வண்டிக்கென்று எடுக்கும் படியில் மட்டும், எழுத்தறியாத பெட்டிக்காக முன்னால் எண் சேர்த்துக்கொள்ளலாம். நண்பருக்குப் பாட்டுத் தரும்போது இந்த மூலத்திலிருந்து தர வேண்டும்; இப்படியே நாலு கை மாறினால் திருட்டுத் தளத்துக்காரரின் முகவரி தானே தேய்ந்துபோகும்.

பெட்டி செய்பவரின் பங்கை வாங்கும்போதுதான் கேட்டுப் பெற முடியும். சென்னை ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊர்க் கடைத்தெருவிலோ ஸ்டீரியோ வாங்கப் போகிறவர்கள், புதிய வண்டிக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள், ஒரு பென்டிரைவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் ஐந்து பாட்டு போதும். ஒன்றின் பெயரில் ‘கொ’ வரட்டும், ஒன்றில் ‘ஸ்ரீ’, ஒன்றில் ‘ழ’. நான்காவது நீளமான பெயராக இருக்கட்டும். ஐந்தாவதில் பாடலாசிரியர் கட்டத்தை நிரப்பி வையுங்கள். கடைக்காரர் ஒலியின் அதிர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அதைச் செருகச் சொல்லி, திரையைக் காட்டிப் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். கட்டம் தெரிந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். எதனால் போகிறோம் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.