யாருடைய படம்?

நிச்சயதார்த்தப் படம் எடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் வாடகை உடை, வாடகைக் கார், அதற்கு முன் காலே வைத்திராத மலைவாசஸ்தலம் என்று கிளம்பினால், அது யாருடைய படம்?

ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்த பஸ் நிறுத்தமே போதும். பெரியோர் பார்த்து முடித்த சம்பந்தமா? இருவரும் முதன்முதலில் பேசிய வீட்டுத் திண்ணை இருக்கவே இருக்கிறது. சென்னை மெரினாவில் சந்தித்தவர்கள், விடிந்து 1 மணி நேரத்துக்குள் கடலைப் பார்த்து நிற்கட்டும். இளவெயில் முகத்தில் நேராக விழும். உச்சிவெயிலோ கண்ணுக்குக் கீழே நிழலடிக்கும்.

இந்தப் படத்துக்காகப் பெண்ணின் தகப்பனார் கடன்படக் கூடாது. நாளை பேரப்பிள்ளைகள் பார்த்து, "இது எந்த இடம், பாட்டி?" என்று கேட்பார்கள். அப்போது சொல்வதற்கு ஒரு கதை வேண்டாமா?