சிரிப்புப் படத்துத் துப்பாக்கியும் பெட்டியில் பூட்டிய படமும்

சிகாகோ நகரம். இரவு நேரம். ஒரு சவ வண்டி போகிறது. சவப்பெட்டியைச் சுற்றி, துக்கத்திற்குப் போகிறவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு சில ஆசாமிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ் வண்டி துரத்துகிறது. துப்பாக்கிகள் வெடிக்கின்றன. குண்டு துளைத்த சவப்பெட்டியிலிருந்து வழிவது என்ன? ரத்தமா? இல்லை, சாராயம்! கொட்டகை முழுவதும் சிரிக்கிறது.

1959-ல் வெளிவந்த ‘சம் லைக் இட் ஹாட்’ என்ற அமெரிக்கப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. பில்லி வைல்டர் எடுத்த படம். மர்லின் மன்றோ, டோனி கர்ட்டிஸ், ஜாக் லெமன் நடித்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்றும் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். மறைப்பானேன்?

கதை 1929-ல் நடக்கிறது. வேலையில்லாத இரண்டு வாத்தியக்காரர்கள். கொட்டும் பனியில் போட்டுக்கொள்ள மேல்கோட்டுகூட இல்லை. அதையும் அடகு வைத்துப் பந்தயத்தில் தோற்றாயிற்று. ஒரு இரவுக் கச்சேரி கிடைக்கிறது. அதற்குப் போகக் கார் எடுக்க ஒரு மோட்டார் கொட்டகைக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் கண்ணெதிரே ஒரு ரவுடிக் கூட்டம் இன்னொரு ரவுடிக் கூட்டத்தைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளுகிறது. பார்த்தவனை விடுவார்களா? உயிர் தப்ப இருவரும் பெண் வேஷம் கட்டி, பெண்கள் வாத்தியக் குழுவில் சேர்ந்து ஓடுகிறார்கள். குண்டு துளைத்த பெரிய பிடில் ஒன்றும் அவர்களோடு போகிறது. கடைசியில் ரவுடிகளின் விருந்தில் பெரிய கேக்குக்குள்ளிருந்து ஒருவன் துப்பாக்கியோடு எழுந்து நின்று சுடுகிறான். அதற்கும் சிரிப்புத்தான்.

அந்தத் துப்பாக்கியைக் கொஞ்சம் பாருங்கள். முன்னால் ஒரு கைப்பிடி, பின்னால் ஒரு கைப்பிடி, அடியில் வட்டமான குண்டுப் பெட்டி. அதுதான் தாம்ஸன் இயந்திரத் துப்பாக்கி. ஒரு வட்டப் பெட்டியில் 50 குண்டுகள் அடங்கும். விசையை அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்குச் சுமார் 800 குண்டு வேகத்தில் கக்கும். சினிமாவில் சுடும்போது வெற்றுத் தோட்டா போடுவார்கள். அதில் மருந்து இருக்கும், ஈயம் இருக்காது. சத்தம் வரும், நெருப்பு வரும், புகை வரும். ஆள் விழுவது மட்டும் நடிப்பு.

ஆனால் 1929 பிப்ரவரி 14 அன்று அதே சிகாகோவில் நடந்தது நடிப்பல்ல. வடக்கு கிளார்க் தெரு மோட்டார் கொட்டகையில் 7 பேர் சுவரோரம் நிறுத்திக் கொல்லப்பட்டார்கள். சுட்ட இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் தாம்ஸன். கொலைகாரர்களில் சிலர் போலீஸ் உடுப்பில் வந்தார்கள். அந்தக் கொலைக்காக ஒருவனும் தண்டிக்கப்படவில்லை. ரவுடித் தலைவன் அல் கபோன் 1931-ல் சிறைத் தண்டனை பெற்றான். கொலைக்காக அல்ல, வருமான வரி கட்டாததற்காக! ஏழு உயிரைவிட சர்க்கார் கஜானாவுக்கு வரவேண்டிய பணம் அங்கே கனமாக இருந்தது.

இதுவரை சினிமாக்காரர்கள் சொன்ன கதை. அவர்கள் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

இந்தத் துப்பாக்கி ரவுடிகளுக்காகச் செய்யப்பட்டதா? இல்லை. ஜான் தாம்ஸன் என்ற ராணுவ அதிகாரியின் யோசனை அது. 1916-ல் கம்பெனி ஆரம்பிக்கப் பணம் போட்டவர் தாமஸ் பார்ச்சூன் ரயான். புகையிலையிலும் டிராம் வண்டியிலும் கோடி கோடியாகக் குவித்த முதலாளி. பதுங்குகுழிச் சண்டையில் எதிரியைக் கூட்டித் தள்ளத்தான் இந்தத் துப்பாக்கி. ஆனால் 1918 நவம்பரில் யுத்தம் முடிந்துவிட்டது. துப்பாக்கி தயாராகவில்லை! 1921-ல் கோல்ட் ஆலையில் 15,000 துப்பாக்கிகள் செய்யும் வேலை தொடங்கியது. யுத்தமில்லாத காலத்தில் இவற்றை யார் தலையில் கட்டுவது?

கம்பெனி விளம்பரம் செய்தது. படத்தில் ஒரு பண்ணை வீடு. ஒருவன் நின்றுகொண்டு குதிரையில் வருகிறவர்களைத் தாம்ஸன் துப்பாக்கியால் சுடுகிறான். பெரும் பண்ணைகளையும் தோட்டங்களையும் பாதுகாக்க ஏற்ற ஆயுதம் இதுவே என்பது விளம்பரத்தின் சாரம். விவசாயத் தொழிலாளித் தோழர்களே, கவனியுங்கள். பண்ணையைப் பாதுகாக்க நிமிடத்துக்கு 800 குண்டு! ஒரு துப்பாக்கி சுமார் 200 டாலர். பண்ணையில் கூலி வேலை செய்கிறவனா வாங்குவான்? யாருக்காகக் கடை விரித்தார்கள் என்பதை விளம்பரமே காட்டிக்கொடுத்துவிட்டது.

வேலை செய்கிறவன் மேல் இயந்திரத் துப்பாக்கியைத் திருப்பும் வித்தையை அமெரிக்க முதலாளிகள் ரவுடிகளிடம் கற்றுக்கொள்ளவில்லை. தாம்ஸன் துப்பாக்கி ஆலையில் உருவாவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1914 ஏப்ரல் 20 அன்று, கொலராடோவின் லட்லோ என்ற இடத்தில், ராக்பெல்லரின் நிலக்கரிக் கம்பெனியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரின் கூடாரங்கள் மேல் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். கூடாரங்களுக்குத் தீ வைத்தார்கள். கூடாரத்துக்கு அடியில் குழி தோண்டிப் பதுங்கியிருந்த 2 தாய்மாரும் 11 குழந்தைகளும் மூச்சு முட்டி மாண்டார்கள்.

1936 முதல் அமெரிக்க செனட் சபையின் லா பாலெட் கமிட்டி முதலாளிகளின் கிடங்குகளைத் துருவிப் பார்த்தது. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் என்ற உருக்குக் கம்பெனியிடம் இருந்தவை: இயந்திரத் துப்பாக்கி 8, ரைபிள் 369, வேட்டைத் துப்பாக்கி 190, ரிவால்வர் 450. இது உருக்காலையா, ராணுவ முகாமா? ரிபப்ளிக் ஸ்டீல் கம்பெனியோ, கண்ணீர்ப்புகை வாங்குவதில் நாட்டிலேயே முதலிடம். சங்கத்தை அங்கீகரிக்கப் பணமில்லை என்றவர்களுக்குப் புகைக் குண்டு வாங்கப் பணம் இருந்தது!

1937 மே 30. மறுபடியும் அதே சிகாகோ. ரிபப்ளிக் ஸ்டீலில் வேலைநிறுத்தம் நடக்கிறது. விடுமுறை நாள். தொழிலாளிகள் பெண்டு பிள்ளைகளோடு கூட்டம் கூடி, ஆலை வாசலில் மறியல் செய்யும் உரிமையைக் கேட்டு வெட்டவெளியில் நடந்து வந்தார்கள். போலீஸ் மறித்தது. சுட்டது. ஓடியவர்களைத் துரத்தித் தடியால் அடித்தது. 10 தொழிலாளிகள் மாண்டார்கள். பெரும்பாலோருக்குக் குண்டு பாய்ந்தது முதுகில்! முதுகைக் காட்டி ஓடுகிறவனா போலீஸைத் தாக்குகிறவன்? ஆனாலும் பத்திரிகைகள் ‘கலகக் கும்பல்’ என்று எழுதின. மரண விசாரணையில் ‘நியாயமான கொலை’ என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அன்று அந்த வெளியில் ஒரு சினிமாக் காமிராவும் இருந்தது. பாரமவுண்ட் கம்பெனியின் செய்திப்பட ஆள் படம் பிடித்துவிட்டான். துப்பாக்கிப் புகை, விழுகிற உடல்கள், விழுந்தவன் மேல் இறங்குகிற தடி, எல்லாம் அதில் பதிந்தன. கம்பெனி என்ன செய்தது? ஜனங்கள் பார்த்தால் கலவரம் வரும் என்று சொல்லிப் படத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டது! செனட் கமிட்டி வரவழைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் உண்மை உலகுக்கு வந்தது.

தோழர்களே, இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஊர். இடையில் எட்டே ஆண்டுகள். ரவுடி ரவுடியைச் சுட்டதை வெற்றுத் தோட்டா போட்டு, கேக்குக்குள் ஆளை வைத்து, உலகமெல்லாம் ஓட்டிக் காசு பார்த்தார்கள். போலீஸ் தொழிலாளியைச் சுட்டதை, நடிப்பே இல்லாத உண்மைப் படத்தை, இருட்டறையில் வைத்தார்கள். தாம்ஸன் துப்பாக்கி என்றதும் அல் கபோன் நினைவுக்கு வருகிறான். பண்ணை விளம்பரம் நினைவுக்கு வருவதில்லை. ஆயுதக் கிடங்கு வைத்திருந்த ஆலை முதலாளி நினைவுக்கு வருவதில்லை. இந்த மறதி தானாக வந்ததல்ல. எதைக் காட்டுவது, எதைப் பூட்டுவது என்று தீர்மானிக்கும் சாவி யாரிடம் இருந்ததோ, அவர்கள் வளர்த்த மறதி.

“சிரிப்புப் படத்தில் இவ்வளவு தேடலாமா?” என்று சிலர் கேட்கலாம். சிரிப்பை யாரும் தடுக்கவில்லை. வைல்டர் படத்தில்கூட, துப்பாக்கிக்கு அஞ்சி ஓடுகிற இருவரும் கோட்டை அடகு வைத்த ஏழைகள்தானே! அவர்கள் பக்கம் நின்றுதான் நாமும் சிரிக்கிறோம். துப்பாக்கி ரவுடியிடம் மட்டும்தான் இருந்தது என்று நம்பிவிட்டு எழுந்து போகக் கூடாது, அவ்வளவுதான்.

அத்தனை துப்பாக்கியும் புகைக் குண்டும் வைத்திருந்த ரிபப்ளிக் ஸ்டீல் முதலாளிகள், 1942-ல் அதே தொழிலாளிகளின் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. பூட்டி வைத்த படமும் பூட்டியபடியே இருந்துவிடவில்லை. அமெரிக்க தேசிய நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் ‘சம் லைக் இட் ஹாட்’ 1989-ல் சேர்ந்தது. 1997-ல் அந்த உருக்காலைச் செய்திப்படமும் அதே பட்டியலில் சேர்ந்தது.

சங்க அலுவலகங்களில் படம் போட்டுக் காட்டும் இளம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சிரிப்புப் படத்தைப் போடுங்கள், சந்தோஷம். அது முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடாதீர்கள். சில நிமிடமே ஓடும் அந்த இரண்டாவது படத்தையும் போடுங்கள்.