படிக்கத் திணறும் பிள்ளையை அடிக்காதீர்கள்



போன வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். எட்டாவதோடு படிப்பை விட்டுப் படகுக்குப் போனவன். "டீச்சர், பையன் ரெண்டாங்கிளாஸ். 'கெ' எழுதச் சொன்னா கொம்பைப் பின்னாடி போடுறான். நாலு அடி போட்டாத்தான் வருமா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அதே தப்புக்கு அவன் தலையில் நான் எத்தனை முறை குட்டியிருக்கிறேன்!

யோசித்துப் பாருங்கள். 'கெ' என்று சொன்னால் காதில் முதலில் விழுவது 'க்'. எழுதும்போது முதலில் வருவதோ கொம்பு. 'கொ'வில் கொம்பு முன்னே, கால் பின்னே. காது, கண், கை மூன்றும் ஒத்துப்போனால்தான் வாசிப்பு வரும். 247 எழுத்தையும் கடகடவென்று ஒப்பிப்பது வேறு, இது வேறு.

சீனப் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளி முடிப்பதற்குள் சுமார் 3000 எழுத்துகளை அடையாளம் காணவும், 2500 எழுத்துகளை எழுதவும் வேண்டும். ஆறு, கடல், ஏரி மூன்றின் எழுத்துகளிலும் இடப்பக்கம் மூன்று துளிகள் இருக்கும், தண்ணீருக்கு அடையாளம். இப்படிப் பிரித்துப் பார்க்கும் கண்ணும், கோடுகளை வரிசையாகப் போடும் கையும் அவர்களுக்குப் பழக வேண்டும். பெய்ஜிங் பிள்ளைகளைப் பற்றி 2005இல் வெளியான ஆய்வு, கையால் எழுதும் திறமைக்கும் வாசிப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்றது. 2013இல் வந்த இன்னொரு ஆய்வில், ஆங்கில எழுத்தைத் தட்டிச் சீனம் எழுதும் பழக்கம் அதிகமுள்ள பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள்.

தமிழ் ஒலியை வைத்து எழுதும் மொழி, சீனம் அப்படியல்ல. ஆனாலும் வாயால் சொல்லிக்கொண்டே கையால் எழுதுவது நம் பிள்ளைகளுக்கும் உதவும் என்பது என் வகுப்பறை அனுபவம். மணலில் எழுத வைத்த நம் பெரியவர்கள் விவரமானவர்கள்தான்.

"நீங்க அடிச்சதாலதான் டீச்சர் நாங்க படிச்சோம்" என்று உங்களில் சிலர் எழுதுகிறீர்கள். அடிக்குப் பயந்து பள்ளியை விட்டவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை, பிள்ளைகளா.

தினமும் போனை வாங்கி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பிள்ளையோடு சிலேட்டோடு உட்காருங்கள். முதலில் கெ, கே, கை. அது பழகியபின் கொ, கோ. அப்படியும் திணறினால் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அவனிடம், "அடிக்காதே ராசா. அன்னைக்கு நான் குட்டினதும் தப்புதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சிலேட்டு வாங்கிடுறேன் டீச்சர்" என்றான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்