யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் ஆண்டவரிடம் எழுப்பிய கேள்வியை நாம் அறிவோம். குற்றம் அந்த மனிதருடையதா, அவரைப் பெற்றோருடையதா என்பதே அவர்களுடைய ஐயம். இருவருடையதும் அன்று என அவர் மறுத்துவிட்டார். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் அன்றே தீர்ந்துபோன அவ்வழக்கை நம் குடும்பங்கள் இன்றளவும் முடித்துவைக்கவில்லை. குழந்தைக்குப் பார்வை குன்றினால் தாய்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறாள். கிரகணத்தன்று வெளியே போனாள் என்பார் ஒருவர். நேர்ச்சையைச் செலுத்த மறந்தாள் என்பார் இன்னொருவர். அவள் பிறந்த வீட்டுச் சாபம் என்று முடித்துவிடுவார் மூன்றாமவர்.

அண்மையில் ஒரு குடும்பத்தார் நம் பங்கு இல்லத்திற்கு வந்தனர். பெண்ணை அவளுடைய தாய்மாமனுக்கே கொடுப்பதென முடிவாகி, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. 'டிஸ்பென்சேஷன்' என்று நம் மக்கள் வழங்கும் விலக்கு ஒன்றே பாக்கி. குடும்பத்தில் நோய் ஏதும் உண்டா என்று துருவிக் கேட்டபோதுதான், பெண்ணுடைய பாட்டியின் உடன்பிறந்தவர் நாற்பது வயதுக்குள் பார்வையிழந்தவர் என்ற செய்தி வெளிவந்தது. “அது வெறும் மாலைக்கண் சாமி, அந்தக் காலத்துல கீரை, முட்டை கிடைக்காத குறை” என்றார்கள்.

மாலைக்கண்ணில் இருவகை உண்டு. வைட்டமின் ‘ஏ’ குறைவால் வருவது ஒன்று. உரிய காலத்தில் ஊட்டம் கொடுத்தால் அது தீரும். மற்றது, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரைச் சிதைவு. அதில் ஒளியுணரும் செல்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. முதலில் இரவுப்பார்வை போகும். பின்னர் பக்கப்பார்வை சுருங்கி, குழாய் வழியே உலகைக் காண்பதுபோல் ஆகும். பலருக்கு இறுதியில் நடுப்பார்வையும் மங்கும். எத்தனைக் கட்டுக் கீரையும் அதை மீட்டுத் தராது. ஏனெனில் பழுது உணவில் இல்லை, மரபணுவில் இருக்கிறது.

மரபணுக்களைத் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரட்டையாகப் பெறுகிறோம். இத்தகைய நோய்கள் பலவற்றில் ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைச் செய்துவிடுகிறது. பழுதைச் சுமப்பவர் நலமாகவே வாழ்வார். தாம் சுமப்பதையே அறியார். ஒரே மரபணுவில் பழுதைச் சுமக்கும் இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரு பழுதும் சேர்ந்து நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாயின் பங்கும் தந்தையின் பங்கும் சரிபாதி. தாயை மட்டும் தூற்றுவது அறிவியலுக்கும் பொய், நற்செய்திக்கும் பொய்.

அயலார் இருவரிடம் ஒரே பழுது அமைவது அரிது. ஆனால் தாய்மாமனும் மருமகளும் தம் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கையும், மாமன் மக்களும் அத்தை மக்களும் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டவர்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களுள் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் உறவில் மணந்தவர்கள். “எங்கள் தாத்தாவும் பாட்டியும் சொந்தத்தில்தான் கட்டினார்கள், எங்களுக்கு என்ன கெட்டுப்போயிற்று?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். உறவில் மணந்தோரின் குழந்தைகளுள் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். எனினும் நோய் ஏற்கெனவே தலைகாட்டிய குடும்பத்தில் இவ்விடை செல்லாது. அங்கே மணி அடித்தாயிற்று. கேளாதவர்போல் இருப்பதுதான் பிழை.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பக்கவழி உறவில் நான்காம் தலைமுறைப் படிவரை திருமணத்துக்குத் தடை விதிக்கிறது. தாய்மாமன் உறவு மூன்றாம் படி. மாமன், அத்தை மக்கள் உறவு நான்காம் படி. ஆயர் விலக்கு அளிக்கலாம், ஆனால் நேரிய காரணம் வேண்டும். நம் விண்ணப்பங்களில் காணும் காரணங்கள் எவை? சொத்து சிதறக் கூடாது, சீர்வரிசை குறையும், சிறுவயதிலேயே பேசி வைத்த உறவு. பிறக்கப் போகும் குழந்தையின் கண்ணைப் பற்றி அதில் ஒரு வரி உண்டா? நாமும் இத்தகைய தாள்கள் பலவற்றில் கண்ணை மூடிக்கொண்டே கையொப்பமிட்டிருக்கிறோம். அதை மறைப்பதற்கில்லை.

“இப்போதுதான் மருந்து வந்துவிட்டதே!” என்பார்கள். வந்தது உண்மை. பிறவியிலேயே பார்வையைப் பறிக்கும் லீபர் நோயில் ஆர்பிஇ65 என்னும் மரபணுவின் பங்கு 1997இல் தெரியவந்தது. 2001இல் அதே குறையுடைய நாய்களிடமும் 2007 முதல் மனிதரிடமும் சிகிச்சை சோதிக்கப்பட்டது. தீங்கற்றதாக்கப்பட்ட வைரசின் வழியே நல்ல மரபணுவை விழித்திரைக்கு அடியில் செலுத்தும் லக்ஸ்டர்னா மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. மங்கிய ஒளியில் தடுமாறியவர்கள் தாமே நடந்தனர். அந்த ஆய்வாளர்களின் உழைப்புக்கு இறைவனைப் போற்றுவோம்.

ஆனால் விழித்திரை மரபு நோய்களுக்குக் காரணமான மரபணுக்கள் 250க்கும் மேற்பட்டவை; இம்மருந்து அவற்றுள் ஒன்றுக்கே உரியது. அறிவிக்கப்பட்ட விலை, ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர். மேலும் அது உயிரோடிருக்கும் செல்லுக்கே பயன்படும். மடிந்த செல்லை எழுப்பாது. எந்த மரபணுவில் பழுது என்று காலத்தோடு அறிந்தவருக்கே இன்றைய மருந்தும் நாளைய மருந்தும் உதவக்கூடும். நோயை மறைக்கும் குடும்பம் அந்த வாசலையும் தானே அடைத்துக்கொள்கிறது. அவ்வாறு அடைத்துக்கொண்டவர்கள்தாம் பின்னர் அதிசயச் சொட்டு மருந்து விற்பவனிடமும், சிறுவனை மேடையேற்றித் ‘தெரிகிறது’ என்று சொல்ல வைக்கும் கூட்டத்தாரிடமும் ஏமாறுகின்றனர். செபிப்போம், ஆனால் ஒரு சிறுவன் வாயில் பொய்யைத் திணிப்பது செபமாகாது.

பார்வையற்றவர் பிறவாதிருப்பதே நலம் என்பது நம் வாதமன்று. அவர் இறைச்சாயல், அவருக்கு நம் பீடத்தருகே இடமுண்டு. நாம் எதிர்ப்பது மறைப்பதை. அதே நற்செய்திப் பகுதியில், கண் பெற்ற மகனைப் பற்றி விசாரித்தபோது பெற்றோர் ஊருக்கு அஞ்சி நழுவிக்கொண்டனர். அந்த அச்சமே இன்று நம் பெண்பார்க்கும் படலங்களில் உட்கார்ந்திருக்கிறது. நோய் வரலாற்றைக் கேளாமலும், மரபியல் ஆலோசனை பெறச் செய்யாமலும் எந்தப் பங்கிலிருந்தும் விலக்கு விண்ணப்பம் போகக் கூடாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மரபணு ஆய்வுப் பிரிவுகள் உள்ளன. வழி தெரியாது என்று இனிச் சொல்வதற்கில்லை.

வந்த குடும்பத்தாரிடம், பார்வையிழந்த அந்தப் பெரியவர் இருக்கிறாரா என்று கேட்டோம். இருக்கிறார், பின்கட்டில், விசேஷங்களுக்கு அவரை அழைப்பதில்லை என்றார்கள். அவருடைய சிறிதளவு இரத்தம் போதும், எந்த மரபணு என்று தேடத் தொடங்கலாம். முதலில் அவரை அழைத்துப் போங்கள், விண்ணப்பத்தைப் பிறகு பார்ப்போம் என்றோம். மண்டபத்து முன்பணம் போய்விடுமே என்று முகம் சுளித்தபடி எழுந்து போனார்கள். பணம் போகட்டும். இத்தனை ஆண்டுகள் யாரும் எதுவும் கேளாத அந்தப் பெரியவரிடம் இனியாவது ஒருவர் போய்க் கேட்கட்டும்.