சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும்

காலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டுக் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்காருகிற நம் வயதுக்காரர்களின் பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? முன்பெல்லாம் பென்ஷன், பஞ்சப்படி. இப்போது சர்க்கரை. "எனக்கு ஃபாஸ்டிங் 108", "எனக்கு 115தான்" என்று பரீட்சை மார்க் மாதிரி சொல்லிக்கொள்கிறார்கள். சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு சட்டென்று மழை வருமா வராதா என்று திரும்பிவிடும்.

எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. வெறும் வயிற்று எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று சொல்வது, ஆரம்ப இருப்பை மட்டும் எழுதிவிட்டுக் கேஷ் புக்கை மூடிவைப்பதற்குச் சமம். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இந்த உவமைதான் வருகிறது. காலையில் என்ன இருந்தது, நடுவில் என்ன வந்தது, மாலையில் என்ன மிஞ்சியது என்று மூன்றையும் பார்த்தால்தான் கணக்கு பேசும்.

நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் க்ளோத் பெர்னார் என்ற பெயரை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். கல்லீரலே சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது என்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டுபிடித்த மேதை. அப்போது எங்களுக்கு அது பரீட்சைக்கான ஒரு வரி, அவ்வளவுதான். "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, காலையில் 140 காட்டுகிறது, மிஷின் பொய் சொல்கிறது" என்று என் நண்பர் ஒருவர் சண்டை போட்டபோதுதான் அந்த வரியின் அர்த்தம் எனக்கு விளங்கியது. அவர் தூங்கினாலும் அவருடைய கல்லீரல் தூங்கவில்லை. வெறும் வயிற்று எண் பெரும்பாலும் இரவில் கல்லீரல் செய்த வேலையைச் சொல்கிறது. தட்டில் இருந்தது என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் சாப்பிட்ட பிறகுதான் பார்க்க வேண்டும். காலையில் 110, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 240 என்று இருக்கிறவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களுக்கே அது தெரியாது.

அந்தக் காலத்தில் இந்த வசதியெல்லாம் ஏது? எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் காலையில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, கண்ணாடிக் குழாயில் பெனடிக்ட் என்கிற நீலத் திரவத்தை விட்டு, அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீரைச் சேர்த்துக் கொதிக்க வைப்பார். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி செங்கல் நிறத்துக்குப் போனால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவர் முன்னால் போக மாட்டார்கள். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டிய பிறகுதான் பொதுவாக அது சிறுநீரில் இறங்கும். அதற்குக் கீழே நடப்பதெல்லாம் இருட்டு. குறைந்துபோனால் அந்தக் குழாய் ஒன்றுமே சொல்லாது. இன்று ஒரு துளி இரத்தத்தில் ஐந்து விநாடியில் பதில் வருகிறது. அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு டாக்டரிடம் போவதற்கு முதல் நாள் மட்டும் எடுப்பது, ஆடிட் பார்ட்டி வருகிறது என்று தெரிந்து முதல் நாள் ராத்திரி ஃபைலை அடுக்குவது போலத்தான். அந்தக் கருவி டாக்டருக்காக வாங்கியது அல்லவே.

எப்படிப் பார்ப்பது? சாப்பிட உட்காருவதற்கு முன் ஒரு தடவை. முதல் கவளம் வாயில் போட்ட நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. கை கழுவிய நேரத்திலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. முன்னால் 80-லிருந்து 130 வரை, பின்னால் 180-க்குள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம் வயதுக்கு, கூடவே வேறு வியாதிகளும் இருந்தால், டாக்டர் கொஞ்சம் தளர்த்திக் கொடுப்பார். அவர் சொல்வதுதான் உங்கள் எல்லை.

தினமும் மூன்று வேளையும் குத்திக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய் அளவில் விற்கும்போது பென்ஷன்காரனுக்கு அது கட்டுப்படியாகாது. நான் வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு வேளைக்கு மட்டும் முன்னும் பின்னும் எடுக்கிறேன். இந்த வாரம் காலைப் பலகாரம், அடுத்த வாரம் மதியச் சாப்பாடு. நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டேன் என்றும் எழுதுவேன். அந்தக் கலம் இல்லாவிட்டால் நோட்டு வீண். இன்சுலின் போடுகிறவர்கள் கதை வேறு. அவர்கள் எத்தனை தடவை பார்ப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இப்படி எழுதியதில் எனக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்கிறேன். நாலு இட்லி, சாம்பார்: முன்னால் 112, பின்னால் 204. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல்: முன்னால் 115, பின்னால் 156. ரவை உப்புமா நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, 211. சின்ன வயதிலிருந்து பழகிய பிரெஞ்சு ரொட்டியை விடச் சொல்லிப் பத்து பேர் உபதேசம் செய்தார்கள். கால்வாசி ரொட்டியோடு இரண்டு முட்டை ஆம்லெட், அப்புறம் பதினைந்து நிமிஷம் நடை: 163. ஆகவே ரொட்டி என் மேஜையில் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட் வஞ்சிரமும் இருக்கிறது, முதலில் காயும் மீனும், கடைசியில் சோறு என்ற வரிசையில். இவை என் உடம்பின் எண்கள். உங்களுக்கு உப்புமா ஒத்துக்கொள்ளலாம், சுண்டல் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உங்கள் விரலைத்தான் கேட்க வேண்டும்.

பிரான்சில் குடியேறிவிட்ட என் தம்பி முறைக்காரன் ஒருவன் போனில் பேசும்போது, "அண்ணே, சாப்பிட்டப்புறம் ஒண்ணு அறுபது" என்பான். முதல் தடவை கேட்ட என் மனைவி பதறிப்போனாள். அங்கே லிட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். நூறால் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும், ஒன்று அறுபது என்றால் 160. உறவுக்காரர்கள் அங்கே இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

சாப்பிட்ட பிறகு பார்ப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் பார்ப்பதன் அருமையை எனக்குக் காட்டியது என் மனைவியின் நோட்டு. காலை எண் அவளுக்கு எப்போதும் அழகாக இருக்கும். கிளிமிபிரைட் மாத்திரை சாப்பிடுகிறவள். சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு ஒரு எரிச்சல், நெற்றியில் வியர்வை. புழுக்கம் என்பாள். நம் ஊர் ஐப்பசியில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பார்க்கிற முறை வந்தது. 61. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்த்தோம், 94. அடுத்த வாரமும் அதே நேரத்தில் 66. நோட்டைப் பார்த்த டாக்டர் மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டார். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை இதைக் காட்டியிருக்காது. ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டி வகுத்தால் சராசரி நன்றாகத்தானே வரும்? எங்கள் வயதில் குளியலறைக்குப் போகும் வழியில் தலை சுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் சாயங்கால எண்ணைக் கட்டாயம் ஒரு தடவையாவது பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் படபடப்பு போன்ற அறிகுறிகளை மறைத்துவிடும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்தால் அது மாம்பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடுங்கள், நம் கடற்கரை ஈரக்காற்று அதைக் கெடுத்துவிடும். அப்புறம், 148-க்கும் 155-க்கும் வித்தியாசம் பார்த்துக் கவலைப்படாதீர்கள். நூறுக்கு மேல் போனால் இந்தக் கருவிகளுக்குப் பதினைந்து சதவீதம் வரை முன்பின் அனுமதி உண்டு.

கடைசியாக, வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு. நம் ஆட்கள் சாப்பிட்ட பிறகு ஏன் பார்ப்பதில்லை என்று நான் யோசித்ததுண்டு. ஸ்ட்ரிப் விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நீங்கள்தான். வாட்ஸ்அப்பில் 210 என்று அனுப்பினால், "என்னப்பா சாப்பிட்டீங்க? யார் ஸ்வீட் கொடுத்தது?" என்று விசாரணைக் கமிஷன் வைத்துவிடுகிறீர்கள். அடுத்த வாரம் அவர் காலை எண்ணை மட்டும் அனுப்புவார், நீங்களும் கட்டைவிரல் படம் போட்டுவிடுவீர்கள். எண் கூடிய அன்றைக்குத் திட்டாமல், எந்தப் பலகாரத்துக்கு எவ்வளவு ஏறியது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். என் மகள் இப்போது அப்படித்தான் கேட்கிறாள். போன வாரம் அடைக்கு 171 என்றேன். எந்தப் பருப்பு எவ்வளவு போட்டு அரைத்தது என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டாள்.