கடன் கொடுக்க விசாரிக்கிறோம், ஓட்டுக் கொடுக்க?



நம் கடைக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சரக்கு கேட்கிறார். பணம் அடுத்த மாதம் என்கிறார். உடனே எடுத்துக் கொடுத்து விடுவோமா? எந்த ஊர், இதற்கு முன் யாரிடம் வாங்கினார், அங்கே பாக்கி வைத்திருக்கிறாரா, பேச்சில் நிற்பவரா என்று நாலு பேரிடம் கேட்போம். கேட்டுத் திருப்தி ஆன பிறகுதான் பில் போடுவோம். ஒரு மாதக் கடனுக்கே இத்தனை விசாரணை!

ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு நம் தெரு, நம் பள்ளிக்கூடம், நம் ஆஸ்பத்திரி, நம் வியாபாரம் அனைத்தையும் ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது என்ன விசாரிக்கிறோம்? என்ன சின்னம், யாருடன் கூட்டணி, ஜெயிப்பாரா? இந்த மூன்றோடு நம் விசாரணை முடிந்து விடுகிறது. அவர் எப்படிப்பட்டவர் என்ற நான்காவது கேள்வி நம் வாயில் வருவதே இல்லை!

தேர்தல் நேரத்தில் சாரம் பகுதிக்கு வரும் வேட்பாளர்கள் எல்லோரும் நேர்மையான ஆட்சி பற்றித்தான் பேசுகிறார்கள். மதுக்கடை, வேலையில்லாத் திண்டாட்டம், பெண்கள் பாதுகாப்பு, லஞ்சம் என்று பட்டியல் வாசிக்காதவர் யார்? பேச்சில் அனைவரும் உத்தமர்களே. உண்மையில் அப்படிப்பட்டவர் யார் என்று பிரித்தறிவது நம் வேலை. அந்த வேலையை நாம் செய்யாமல் விட்டதால் என்ன நடந்தது? வெகுதூரம் போக வேண்டாம். நம் தொகுதியின் கதையையே பார்ப்போம்.

பதினாறு மாதங்களில் நடந்தது

சாரம் பகுதி அடங்கும் காமராஜ் நகர்த் தொகுதியில் 2019 அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது. உறுப்பினராக இருந்த வைத்திலிங்கம் நாடாளுமன்றத்துக்குப் போனதால் வந்த தேர்தல் அது. காங்கிரஸ் வேட்பாளராக ஜான்குமார் நின்றார். எதிரில் பா.ஜ.க. கூட்டணியில் இருந்த என்.ஆர். காங்கிரஸ் வேட்பாளர். நம் சமுதாயத்தில் பலர் எப்படி முடிவெடுத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். "பா.ஜ.க. அணி உள்ளே வந்து விடக் கூடாது. வேறொன்றும் பார்க்காதே, கைக்குப் போடு!" ஜான்குமார் வென்றார்.

2021 பிப்ரவரியில் அவர் தம் உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தார். பா.ஜ.க.வில் சேர்ந்தார். அதே ஏப்ரலில் அதே தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளராக நின்று மறுபடியும் வென்றார். 2025 ஜூலையில் அமைச்சராகவும் பதவியேற்றார்.

அவர் ஒருவரை மட்டும் குறை சொல்வது நம் நோக்கமன்று. 2021 ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதங்களில் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஐந்து பேர், தி.மு.க. உறுப்பினர் ஒருவர், ஆக ஆறு பேர் ராஜினாமா செய்தார்கள். பிப்ரவரி 22 அன்று நாராயணசாமி அரசு கவிழ்ந்தது. சட்டப்படி இதில் தவறில்லை என்பார்கள். உண்மைதான். 1985ல் கொண்டு வரப்பட்ட கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சி மாறி ஓட்டளிப்பவரின் பதவியைப் பறிக்கும். தாமாகவே ராஜினாமா செய்து விட்டு, வேறு சின்னத்தில் மீண்டும் நிற்பவரை அது தொடாது. மக்களே மறுபடி தேர்ந்தெடுத்த பிறகு சட்டம் என்ன செய்யும்?

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும், சகோதரர்களே! பா.ஜ.க. வரக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக ஆளைப் பாராமல் சின்னத்துக்குப் போட்ட ஓட்டு பதினாறு மாதத்தில் எங்கே போய் நின்றது? எதைத் தடுக்க நினைத்தோமோ அதையே கொண்டு வந்து சேர்த்தது! நேர்மையைப் பார்ப்பது வசதியானவர்களின் ஆடம்பரம், நம்மைப் போன்ற சிறுபான்மையினர் பாதுகாப்பைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். ஆளின் நேர்மையே நம் பாதுகாப்பு. அது இல்லாத இடத்தில் எந்தச் சின்னமும் நம்மைக் காப்பாற்றாது.

முப்பத்து மூன்று ஓட்டு

"சரி, நல்லவர் நின்றால் நாங்கள் போடமாட்டோமா?" என்று கேட்கலாம். போடுகிறோமா என்பதற்கு வடகிழக்கில் மணிப்பூர் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

2000 நவம்பரில் மாலோம் என்ற ஊரில் பஸ்ஸுக்காக நின்ற பத்துப் பேர் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். படைகளுக்கு அளவில்லாத அதிகாரம் தரும் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி இரோம் சர்மிளா என்ற இளம்பெண் உண்ணாவிரதம் தொடங்கினார். 2016 ஆகஸ்டில்தான் முடித்தார். பதினாறு ஆண்டுகள்! மூக்கில் குழாய் வைத்து உணவு செலுத்தி அவரை உயிரோடு வைத்திருந்தது அரசு. பிறகு அவர் ஒரு சிறு கட்சி தொடங்கி, 2017 சட்டமன்றத் தேர்தலில் தௌபால் தொகுதியில் அப்போதைய முதலமைச்சர் இபோபி சிங்கை எதிர்த்து நின்றார். சைக்கிளில் போய் ஓட்டுக் கேட்டார். மனித உரிமை, ஊழலற்ற ஆட்சி இவையே அவர் பிரச்சாரம்.

கிடைத்த ஓட்டு எத்தனை? 90! "யாருக்கும் இல்லை" என்ற நோட்டாவுக்கு 143 விழுந்தது. இபோபி சிங் பதினெட்டாயிரத்துக்கும் மேல் பெற்றார்.

இதை விட நமக்கு உறைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே கட்சியில் நஜிமா பீபி என்ற முஸ்லிம் பெண், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் வாபகாய் தொகுதியில் நின்றார். குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களுக்காக உழைத்தவர். முஸ்லிம் பெண் ஒருவர் தேர்தலில் நிற்பதா என்று உள்ளூர் ஆலிம்கள் சிலர் கொதித்தார்கள். இறந்தால் கபரஸ்தானில் இடம் கிடையாது என்று சொல்லப்பட்டதாகவும் செய்திகள் வந்தன. அவர் வாங்கிய ஓட்டு 33.

ஊழல் செய்தவருக்கு, சாராயம் விற்றவருக்கு, ஓட்டை விலை பேசியவருக்கு என்றாவது கபரஸ்தான் மறுக்கப்பட்டதுண்டா? சமூகத்துக்கு உழைத்த பெண்ணுக்கு மட்டும் ஏன் அந்த மிரட்டல்? தோற்றவர் நஜிமா பீபியா, நாமா? சிந்தியுங்கள்!

நம்மவர் என்பது போதுமா?

வேறு சிலர் சொல்வார்கள்: "நம் சமுதாயத்து ஆள் நின்றால் கண்ணை மூடிக் கொண்டு போட வேண்டும்."

கணக்குப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மாநிலத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஆறு பேர். அந்த ஆறு பேரின் ஓட்டை மட்டும் வைத்தா எம்.ஓ.எச். பாரூக் 1967ல், முப்பது வயது நிறையும் முன்பே முதலமைச்சர் ஆனார்? 1969லும் 1985லும் மீண்டும் அந்த நாற்காலியில் அமர்ந்தார்? எல்லாச் சமூகத்தவரும் அவரை ஏற்றார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் அவரும் 1967ல் காங்கிரஸ், 1969ல் தி.மு.க., 1985ல் மறுபடி காங்கிரஸ். நம்மவர் என்பதற்காக அந்தக் கேள்வியை அவரிடம் மட்டும் கேட்காமல் விடலாமா? ஜான்குமாரிடம் கேட்கும் கேள்வியைப் பாரூக்கிடமும் கேட்பவனுக்குத்தான் கேட்கும் தகுதி உண்டு. தராசு எல்லோருக்கும் ஒன்றே.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. வேட்பாளரின் மதத்தைச் சொல்லி மட்டுமன்று, வாக்காளரின் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டாலும் அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123வது பிரிவின்படி முறைகேடு. வென்றாலும் தேர்தல் செல்லாமல் போகலாம். இந்துக்களே ஒன்று சேருங்கள் என்று ஒருவர் மேடையில் கேட்பதை எதிர்க்கும் நாம், நம் மேடையில் அதையே செய்யலாமா?

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதலாவது: வேட்பாளர் தாக்கல் செய்த படிவம் 26ல் என்ன இருக்கிறது? 2002, 2003ஆம் ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால் கிடைத்த உரிமை இது. நிலுவையில் உள்ள கிரிமினல் வழக்குகள், சொத்து, கடன், கல்வி, கடந்த ஐந்தாண்டு வருமானம் அனைத்தையும் அதில் சொல்லியாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். சென்ற தேர்தல் படிவத்தையும் இந்தத் தேர்தல் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தாண்டில் சொத்து எத்தனை மடங்கு ஆயிற்று? எந்தத் தொழிலில் வந்த லாபம் அது? கணக்குப் பார்ப்பது வியாபாரிக்குச் சொல்லியா தர வேண்டும்?

இரண்டாவது: வழக்கு உள்ளவருக்குக் கட்சி ஏன் சீட்டுக் கொடுத்தது? அந்தக் காரணத்தைப் பத்திரிகையில் வெளியிட வேண்டும் என்றும், ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் உத்தரவிட்டது. கட்சிக்காரர்களைக் கேளுங்கள்.

மூன்றாவது: இதே சின்னத்தில் ஐந்து ஆண்டும் இருப்பாரா? வாய்ப்பேச்சு வேண்டாம். ஊர் மக்கள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். சட்டப்படி அந்தத் தாள் செல்லாது. ஆனால் அடுத்த முறை அவர் தெருவுக்குள் வரும்போது அந்தத் தாள் நம் கையில் இருக்கும்!

நான்காவது: உள்ளாட்சித் தேர்தல் நடத்துவாரா? புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011ல் முடிந்தது. 2021ல் அறிவித்த தேர்தலும் நடக்காமல் நின்று போனது. கவுன்சிலர் இல்லாத ஊரில் சாக்கடை அடைத்தாலும் லைசென்ஸ் புதுப்பித்தாலும் அதிகாரியின் வாசலில்தான் நாம் நிற்க வேண்டும். எல்லா அதிகாரமும் எம்.எல்.ஏ.வின் கையில் இருப்பது எம்.எல்.ஏ.க்களுக்கு வசதி. இதில் பதில் சொல்லத் தயங்குபவர் ஊழலற்ற ஆட்சி பற்றிப் பேசுவது வெறும் பேச்சே.

முதலில் நம் கல்லாப்பெட்டி

இத்தனையும் கேட்க நமக்கு ஒரு தகுதி வேண்டும். கசப்பாக இருந்தாலும் சொல்லி விடுகிறோம்.

வியாபாரிகளே! தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் கவர் கொடுத்து அனுப்புகிறோம். யார் வந்தாலும் காரியம் ஆக வேண்டுமே என்ற கணக்கு. ரசீது இல்லாமல் கொடுத்த அந்தப் பணம்தான் ஓட்டுக்குக் காசாக நம் தெருவுக்கே திரும்பி வருகிறது. பிறகு லஞ்சம் பெருகி விட்டது என்று நாமே புலம்புகிறோம்! கொடுப்பதானால் ஒருவருக்குக் கொடுங்கள். செக்காகக் கொடுங்கள். ரசீது வாங்குங்கள்.

இளைஞர்களே! வீட்டுக்கு வீடு கவர் கொண்டு போய்க் கொடுக்க அவர்கள் தேடுவது உங்களைத்தான். ஐந்து நாள் பிரியாணியும் பெட்ரோலும் கிடைக்கும். ஓட்டுக்குக் காசு கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றமே. ஓராண்டு வரை சிறை உண்டு. மாட்டிக் கொள்வது நீங்கள், தலைவர் அல்லர்.

ஒன்றை மறந்து விடாதீர்கள். 2021 தேர்தலில் புதுச்சேரியில் வாக்காளர்கள் சுமார் பத்து லட்சம், தொகுதிகள் 30. சராசரியாக ஒரு தொகுதிக்கு முப்பத்து மூவாயிரம் பேர்தான். தொகுதி சிறியதாக இருப்பதால்தான் ஓட்டை விலைக்கு வாங்குவது எளிதாக இருக்கிறது. அதே காரணத்தால், நூறு குடும்பங்கள் ஒன்று சேர்ந்து நாங்கள் காசு வாங்க மாட்டோம், கேள்விக்குப் பதில் வேண்டும் என்று சொன்னால் எந்த வேட்பாளரும் நின்று கேட்டே ஆக வேண்டும். அந்த நூறில் இந்துச் சகோதரர்களும் கிறிஸ்தவச் சகோதரர்களும் இருக்கட்டும். சாக்கடையும் ரேஷனும் குடியிருப்புக்கு நடுவே வரும் மதுக்கடையும் நமக்கு மட்டுமா பிரச்சினை? பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். மதுவின் கொடுமையை அவர்களை விட அறிந்தவர் யார்?

"நல்லவருக்குப் போட்டால் ஓட்டு வீணாகும், வேறு யாரோ ஜெயித்து விடுவார்" என்ற அச்சம் உங்களில் பலருக்கு இருக்கும். நியாயமான அச்சம்தான். யாருக்குப் போடுவது என்பதை நீங்களே எடை போட்டு முடிவு செய்யுங்கள். நாம் கேட்பது ஒன்றுதான்: விசாரிக்காமல் போடாதீர்கள்.

ஓட்டு ஓர் அமானிதம். கடையில் ஒருவர் நம்பி வைத்து விட்டுப் போன பொருளை அடுத்தவருக்கு எடுத்துக் கொடுப்போமா? நம் பிள்ளைகளின் ஐந்து ஆண்டு நம்மிடம் இருக்கும் அமானிதம். அதை ஒரு கவருக்கும் ஒரு சின்னத்துக்கும் எடுத்துக் கொடுத்து விடாதீர்கள்!