பெயர் ஒட்டியவர் யார், செய்தவர் யார்?

நம் சங்க இதழில் மேளத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். அதுவும் மேல்நாட்டு டிரம் செட்! நாம் பூட்டு, கொண்டி, கீல், தாழ்ப்பாள் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். வாத்தியத்துக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் கல்யாண வீட்டோடு சரி. ஆனாலும் சென்ற ஆண்டு அமெரிக்காவில் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது பார்த்த ஒரு விஷயம், ஊர் திரும்பிக் கல்லாவில் உட்கார்ந்த பிறகும் நம்மை விடவில்லை. சரக்கு, முத்திரை, கொள்முதல் எல்லாம் சம்பந்தப்பட்டது ஆகையால் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

மகன் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் கார் நிற்பதில்லை. பழைய டிரம்கள் அடுக்கி வைத்திருக்கிறான். சிவப்பு மினுமினுப்பு, நீல மினுமினுப்பு, புலித்தோல் போல வரி ஓடிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியது என்று பல தினுசு. எல்லாம் அறுபதுகளில் வந்த மலிவுச் சரக்கு. பள்ளிக்கூடப் பையனுக்குத் தகப்பனார் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்து, அவன் ஆறு மாதம் தட்டிவிட்டுப் பரணில் போட்டது. வீட்டு வாசலில் பழைய சாமான் பரப்பி விற்கிறார்களே, அங்கே போய்ப் பொறுக்கி வருகிறான். "காசு கொடுத்து வாங்குகிறாய், நல்ல கம்பெனிச் சரக்காக ஒன்று வாங்கக் கூடாதா?" என்று கேட்டோம். "அப்பா, நல்ல கம்பெனிச் சரக்குக்கு ஜாதகம் எழுதியே இருக்கிறது. இதுகளுக்கு இல்லை. அதைத் தேடுவதில்தான் ருசி" என்றான்.

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. சிகாகோவின் லுட்விக் கம்பெனி 1963 வாக்கிலிருந்தே தன் டிரம்மின் வில்லையில் வரிசை எண் அடித்தது. மரக்கூட்டின் உட்புறம் தேதி முத்திரையும் குத்தி அனுப்பியது. அறுபது வருஷம் கழித்தும் அது எந்தக் காலத்துச் சரக்கு என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். மலிவுச் செட்டுக்கோ எண்ணும் கிடையாது, தேதியும் கிடையாது. மினுக்கும் வில்லையில் ஏதோ ஒரு பெயர் மட்டும் இருக்கும். அந்தப் பெயரில் ஆலையே இருந்திருக்காது.

இது எப்படி நேர்ந்தது என்பதுதான் நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய கதை. 1964 பிப்ரவரி 9ஆம் தேதி பீட்டில்ஸ் குழுவினர் எட் சல்லிவன் என்பவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார்கள். சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. குழுவின் டிரம் வாசிப்பாளர் ரிங்கோ ஸ்டார் வாசித்தது லுட்விக் செட். முன்புறத் தோலில் கம்பெனிப் பெயர் பெரிதாகத் தெரிந்தது. மறுநாள் முதல் அமெரிக்காவில் பையன்களுக்கெல்லாம் டிரம் வேண்டும். லுட்விக் ஆலை இரவு பகலாக ஓடியும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியவில்லை. கொடுத்தாலும் எல்லாத் தகப்பன்மாராலும் அந்த விலை கொடுத்து வாங்க முடியுமா? கிராக்கி இருக்கிறது, மலிவுச் சரக்கு இல்லை. இந்த இடைவெளியைப் பார்த்தால் மொத்த வியாபாரி சும்மா இருப்பானா?

ஜப்பானில் சரக்குக்குத் தயாராக ஆள் இருந்தது. கட்சுமி யானகிசாவா என்பவர் 1946இல் டோக்கியோவில் இசைக்குறிப்புத் தாள் வைக்கும் தாங்கி செய்யத் தொடங்கினார். 1950இல் டிரம் செய்யவும் இறங்கினார். கம்பெனிக்குப் பேர்ல் என்று பெயர் வைத்தார். 1961இல் சீபாவில் ஓர் ஆலை கட்டி மலிவு டிரம் செட்டுகளைச் செய்து தள்ளினார்கள். தங்கள் பெயரில் அல்ல. 30க்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களின் பெயர்களில். மாக்ஸ்வின், ஸ்டூவர்ட், லைரா, மெஜஸ்டிக், வைட்ஹால், அப்போலோ, கரோனெட், ரெவியர் என்று நீளும் அந்தப் பட்டியல். கடைக்காரன் பார்வைக்கு எட்டு கம்பெனிச் சரக்கு, அடுப்பு ஒன்று.

இன்னொரு பக்கம் நகோயாவில் ஹோஷினோ குடும்பத்தார். 1908இல் புத்தகக் கடையின் ஒரு பகுதியாக வாத்திய வியாபாரம் தொடங்கியவர்கள். அதாவது நம்மைப் போலக் கடைக்காரர்கள்தான். 1962இல் சொந்த ஆலை திறந்தார்கள். 1965இல் ஸ்டார் என்ற பெயரில் டிரம் செய்தார்கள். தாமா என்று இன்று உலகம் அறிந்த பெயரை 1974இல்தான் வைத்தார்கள். மலிவுச் சரக்கு செய்து கை பழகியவர்களே பிற்பாடு முதல்தரச் சரக்குக்கு வந்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. பேர்ல் கம்பெனியும் 1966இல்தான் தொழில்முறை வித்வான்களுக்கான செட்டை வெளியிட்டது.

விலை எப்படிக் கட்டியது? 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று கட்டிப்போட்ட மாற்று விகிதம். ஏற்றுமதிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! அடுத்தது மரம். பிலிப்பைன்ஸ் காட்டு லவான் மரத்தை ஜப்பான் அந்நாட்களில் கப்பல் கப்பலாக இறக்கிப் பிளைவுட் ஆக்கிக்கொண்டிருந்தது. அதே லவான்தான் இந்த டிரம்களின் கூடும். மெல்லிய கூட்டை வளைத்து, விளிம்பு உட்குழியாமல் இருக்க உள்ளே ஒரு மரவளையம் ஒட்டிவிடுவார்கள். தோலை இறுக்கும் திருகுகள் மாட்டும் உறுப்பை அமெரிக்காவில் லக் என்கிறார்கள். அது மலிவு வார்ப்பு, கொஞ்சம் அதிகமாக முறுக்கினால் விண்டுவிடும். மாட்டுத் தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் படலம் ஐம்பதுகளின் பின்பாதியில் வந்துவிட்டதால் மழைக்காலத்தில் தோல் தளரும் தொல்லையும் இல்லாமல் போயிற்று.

மகன் தட்டிக் காட்டினான். நம் காதுக்குக் கெட்டியான, கொஞ்சம் கம்மிய சத்தம். வீட்டு அம்மாள் அரிசி டின் தட்டுவதுபோல் இருக்கிறது என்றாள். அவன் கோபித்துக்கொண்டான்.

சரி, ஜாதகம் இல்லாத பிள்ளைக்கு ஜாதகம் எழுதுவது எப்படி? வில்லையை நம்பக் கூடாது என்பது முதல் பாடம். ஓர் இறக்குமதியாளர் இந்த வருஷம் ஓர் ஆலையில் வாங்குவார், அடுத்த வருஷம் காலணா குறைவு என்று வேறு ஆலைக்குப் போவார். பெயர் மாறாது, சரக்கு மாறிவிடும். ஆகவே லக்கின் வடிவம், அதை மாட்டிய திருகுகளுக்கு இடையே உள்ள தூரம், உள்வளையத்தின் அகலம், இரும்பு வளையத்தின் மடிப்பு, பிளாஸ்டிக் தாளின் வரி ஆகியவற்றை அளந்து எழுதி, ஊர் ஊராக இருக்கும் மற்றவர்கள் அளந்ததோடு ஒப்பிடுகிறார்கள். "ஜப்பானில் செய்தது" என்ற சொல்லை ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. 1930ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டப்படி வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். நாட்டின் பெயர்தான் சட்டம், ஆலையின் பெயர் அல்ல. அந்த நாட்டின் பெயரையும் ஒரு சின்னக் காகிதச் சீட்டில் அடித்து ஒட்டியிருப்பார்கள். முதல் துடைப்பிலேயே போய்விடும்.

மகனிடம் உள்ள ஒரு செட்டில் வில்லையே இல்லை. இரண்டு ஆணித் துளையும், நிறம் வெளுக்காத வட்டமும் மட்டும் இருக்கிறது. அந்த வட்டத்தின் விட்டத்தை அளந்து வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாகத் தேடுகிறான். இன்னும் அகப்படவில்லை.

இதில் நம்மை உலுக்கியது வேறு. இவர்களுக்குப் பெரிய ஆதாரமாகக் கிடைப்பது எது தெரியுமா? அந்நாளைய வாத்திய வியாபாரிகளின் தொழில் பத்திரிகைகள். 1890இலிருந்து வந்துகொண்டிருக்கும் மியூசிக் டிரேட்ஸ் போன்றவை. அவற்றில் இறக்குமதியாளர்கள் கடைக்காரர்களுக்குக் கொடுத்த விளம்பரங்களும், தபாலில் அனுப்பிய விலைப்பட்டியல்களும்தான் சாட்சி. அதாவது நம் சங்க இதழ் போன்ற ஒன்றைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். விற்றவர்களின் கணக்குப் புத்தகம் கிடைத்தால் ஒரே நாளில் முடிகிற வேலை. அதைக் காகிதக் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

வாங்கிய சரக்கில் நம் பெயரைப் போடுவது குற்றமா என்று நண்பர்கள் கேட்பார்கள். குற்றமில்லை. கடன் கொடுத்தது நாம், விற்காமல் தேங்கினால் நஷ்டம் நமக்கு, வாடிக்கையாளரின் வசவு நமக்கு. செய்தவரின் விலாசத்தைச் சில்லறைக் கடைக்காரருக்குத் தெரிவித்தால் அடுத்த மாதம் அவர் நேரே அங்கே போய் நிற்பார் என்ற பயமும் நியாயமானதே. நமக்கே அப்படி நேர்ந்திருக்கிறது. பொட்டலச் சரக்குக்குச் சட்டம் பொட்டலம் கட்டியவர் பெயரோடு உற்பத்தியாளர் பெயரையும் கேட்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உதிரியாகப் போகும் பட்டறைச் சரக்குக்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஆனால் சரக்கின்மேல் போடாத பெயரை நம் வீட்டுப் புத்தகத்திலாவது எழுதி வைக்க என்ன தடை? ஜி.எஸ்.டி. சட்டம் ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. 73ஆம் மாதம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். பூட்டு அறுபது வருஷம் உழைக்கிறது.

நம் கதையைச் சொல்லிவிடுகிறோம். 1980களின் கடைசியில் திண்டுக்கல் பக்கத்துக் கிராமப் பட்டறை ஒன்றில் மாங்காய்ப் பூட்டு கொள்முதல் செய்தோம். நம் கடைப் பெயரை அவரே முத்திரை குத்திக் கொடுப்பார். ஐந்தாறு வருஷம் நடந்தது. பிறகு இயந்திரப் பூட்டு மலிவாக வரவே நாம் வாங்குவதை நிறுத்தினோம். பட்டறைக்காரர் ஒருமுறை கடைக்கு வந்து, "சாவி தொலைந்தவர்கள் வந்தால் நம்மிடம் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கிடங்கு மாற்றியபோது பழைய பில், சிட்டை எல்லாம் மூட்டையாகப் போயிற்று.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய மூன்றாம் மாதம் அரிசி ஆலைக்காரர் ஒருவர் அந்தப் பூட்டோடு வந்தார். பூட்டு பழுதில்லை, சாவிதான் இல்லை. நம் கடைப் பெயர் பளிச்சென்று இருக்கிறது. செய்தவர் யார் என்று கேட்டார். கையெழுத்துப் போட்டவன் நாம், ஆனால் பதில் இல்லை. பூட்டை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் போனோம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் ஆயிற்றே, ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள் என்று நினைப்பு. குறியீடு ஊருக்கு இருக்கிறது, ஆளுக்கு இல்லை. நான்கு பட்டறை ஏறி இறங்கினோம். நான்காவது பெரியவர் பின்தகட்டைத் திருப்பி, ஆணியை அடித்துப் பரத்தியிருந்த விதத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது ஒரே குடும்பத்துக் கை. அவர்கள் பிழைப்புத் தேடித் திருப்பூர் போய்ப் பல வருஷம் ஆகிறது" என்றார். பெயர் அவருக்கும் நினைவுக்கு வரவில்லை. லக்கை அளந்து பார்க்கும் மகனின் நினைவு வந்தது.

சங்கத்துக்கு நாம் வைக்கும் யோசனை சிறியது. உறுப்பினர் ஒவ்வொருவரும் பழைய விலைப்பட்டியல், பட்டறை விலாசம், விளம்பரச் சீட்டு என்று எது இருந்தாலும் எடைக்குப் போடுமுன் சங்க அலுவலகத்தில் ஒரு பீரோவுக்குக் கொடுக்கலாம். பீரோ நாம் வாங்கித் தருகிறோம். செயலாளர் இடம் பார்த்துச் சொல்லட்டும்.

இதை எழுதுமுன் நம் இதழின் பழைய பைண்டுகளைச் சங்கத்தில் உட்கார்ந்து புரட்டினோம். 1991 பொங்கல் மலரில் நம் கடை விளம்பரம் அரைப்பக்கம் வந்திருக்கிறது. அதில் "மாங்காய்ப் பூட்டு – எங்கள் சொந்தத் தயாரிப்பு" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வாசகம் எழுதிக் கொடுத்தது நாம்தான். ஆசிரியர் அவர்களிடம் கீழ்க்கண்ட திருத்தத்தை வெளியிடக் கேட்டிருக்கிறோம்: மேற்படி பூட்டுகள் நம் தயாரிப்பு அல்ல. திண்டுக்கல் பக்கத்துப் பட்டறையில் கொள்முதல் செய்தவை. செய்தவரின் பெயர் தெரிந்த உறுப்பினர்கள், அல்லது திருப்பூரில் அந்தக் குடும்பத்தாரை அறிந்தவர்கள், சங்க அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால் அடுத்த இதழில் பெயரோடு வெளியிடுகிறோம். அரிசி ஆலைக்காரரின் பூட்டு இன்னும் நம் மேஜை மேல்தான் இருக்கிறது.